தெய்வாத்தாள் போய்வந்த துக்கங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை. தோசைக் கரண்டியும் கையுமாக நின்ற தெய்வாத்தாள், இன்றைக்கு யாரைச் சாகடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

பொங்கலூர்ப் பெரியம்மாவைப் போன மாதமே முடித்தாயிற்று. குன்னத்தூர் மாமனுக்குக் காரியம்கூட ஆகிவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் நிஜமாகவே பல வருஷங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவர்கள். வீட்டில் யாருக்கும் அது நினைவில்லை, அவ்வளவுதான். செத்தவர்களை இன்னொரு தடவை சாகடிப்பதில் என்ன பாவம் என்று அவளும் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் இப்போது இருப்பு தீர்ந்துவிட்டது. இனி உயிரோடு இருக்கிறவர்கள் மேல்தான் கை வைத்தாக வேண்டும்.

எல்லாம் படம் வரையப் போய் வந்த வினை.

பேரனை ஓவிய வகுப்பில் சேர்க்கப் போனாள். மாடியறையில் அபிராமி என்கிற சிவகங்கைப் பக்கத்துப் பெண் நடத்துகிற ஞாயிற்றுக்கிழமை வகுப்பு அது. பேரன் ஒரே வாரத்தில் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். தெய்வாத்தாளுக்குப் பிடித்துக்கொண்டது. ஐம்பத்து நாலு வயது வரைக்கும் வெள்ளை பனியனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு சொட்டு நீலத்தை ஈரத் தாளில் விட்டு அது பரவுவதைப் பார்த்தாள். அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

வீட்டில் முறையாகத்தான் கேட்டாள்.

"ஏங்கண்ணு, நான் ஞாயித்துக்கெழம படம் வரையக் கத்துக்கப் போகட்டுமா?"

மகன் சரவணக்குமார் சாப்பிட்ட சோறு புரையேறச் சிரித்தான். வீட்டின் கீழ்த்தளத்தில் பத்து மெஷின் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குப் பனியன் தைத்துக் கொடுப்பது அவன் தொழில். தைத்து வருகிற பீஸை விரித்துப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது தெய்வாத்தாளின் வேலை. அது போக சமையல், பேரன், மெஷின்காரர்களுக்கு இரண்டு வேளை டீ.

"ஏம்மா, நீ கலர் அடிக்கப் போயிட்டா செக்கிங் யாரு பாக்கறது? ஷிப்மென்ட் தலைக்கு மேல நிக்குது."

வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிற கணவன் வீரனும் சேர்ந்து சிரித்தார். மருமகள் அன்புசெல்வி சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டு குழம்பு ஊற்றினாள். அதுதான் தெய்வாத்தாளுக்கு அதிகமாகச் சுட்டது. அப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை பால் வாங்கிக்கொண்டு வந்தவள், வாசலில் நின்றபடியே, "பொங்கலூர்ப் பெரியம்மா தவறிப்போயிருச்சாம்" என்றாள்.

திருப்பூரில் கல்யாணத்துக்கு லீவு கிடைக்காது. காய்ச்சலுக்கு மாத்திரைதான் கிடைக்கும். ஆனால் சாவு என்றால் எப்பேர்ப்பட்ட ஷிப்மென்ட்டாக இருந்தாலும் மறுபேச்சு கிடையாது. சரவணக்குமாரே வண்டியில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டான். தெய்வாத்தாள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வகுப்புக்கு நடந்தாள்.

துக்கத்தில் இன்னொரு வசதியும் இருந்தது. சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் குளிக்காமல் வீட்டுக்குள் வரக் கூடாது. அவள் திரும்பும்போது வெளிக் குழாயடியில் அன்புசெல்வி தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பாள். விரலில் இருந்த பச்சை, முழங்கையில் இருந்த மஞ்சள், சேலையில் தெறித்த சிவப்பு எல்லாம் தலை முழுகலோடு போய்விடும். பச்சைத் தண்ணீரில் குளித்துக் குளித்து ஜலதோஷம் பிடித்ததுதான் மிச்சம்.

"பாவம், அழுது அழுது அத்தைக்கு மூக்கே செவந்துபோச்சு" என்றாள் அன்புசெல்வி.

ஒரு சாவு ஒரு ஞாயிறோடு முடிவதுமில்லை. முதல் நாள் இழவு, அப்புறம் பால் தெளிப்பது, அதற்குப் பின் காரியம். சிக்கனமாகச் செலவழித்தால் ஒரு பெரியம்மாவை வைத்து ஒரு மாதம் ஓட்டலாம். இப்படி ஓட்டி ஓட்டித்தான் தெய்வாத்தாள் இன்றைய நெருக்கடிக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

தோசை கருகியது. சட்டென்று குண்டடம் நல்லான் அண்ணன் ஞாபகம் வந்தது.

ஒன்றுவிட்ட அண்ணன். அவள் போகாமல் இருக்க முடியாத அளவுக்குக் கிட்டத்துச் சொந்தம். மற்றவர்கள் போயே ஆக வேண்டும் என்கிற அளவுக்கு இல்லாத தூரத்துச் சொந்தம். வீரன் அவரைப் பார்த்தது கல்யாணத்தில் ஒரே தடவை. சரவணக்குமார் பார்த்ததே இல்லை. எந்த விசேஷத்துக்கும் அழைப்பு வந்தே வெகுநாளாகிவிட்டது. இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது.

"நல்லான் அண்ணன் போயிட்டாராம்" என்றாள், கரண்டியைக் கீழே போட்டு.

"அடடா! எப்படி?" என்றார் வீரன்.

"தோட்டத்துக்குத் தண்ணி கட்டிப்போட்டு வந்தவரு, நெஞ்சக் கரிக்குதுன்னு கட்டல்ல சாஞ்சாராம். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுக் கருகிய தோசையைச் சுரண்டினாள். உயிரோடு இருக்கிற மனுஷன். சின்ன வயதில் அவளுக்குப் புளியங்காய் பறித்துப் போட்டவர்.

அந்தக் குற்ற உணர்ச்சி வகுப்பிலும் விடவில்லை. அன்றைக்குப் பார்த்து அபிராமி, "தெரிஞ்ச முகம் ஒண்ணை வரைங்கம்மா" என்றாள். தெய்வாத்தாள் கண்ணை மூடினால் நல்லான் வந்து நின்றார். வேறு யாரும் வர மறுத்தார்கள்.

செக்கிங் செய்து பழகிய கண், முதலில் குறையைத்தான் தேடியது. இடது கன்னத்து மரு. ஒன்றுக்கொன்று சேராத புருவம். முன்பல் சந்து. கொஞ்சம் பெரிய வலது காது.

"என்னம்மா, மூக்கு வரையுறதுக்கு முன்னாடியே மருவைப் போட்டுட்டீக?"

"மொதல்ல டேமேஜைக் குறிச்சுக்கறனுங்க டீச்சர். அப்பத்தான் பீஸ் மாறாது."

அபிராமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் மூன்று நான்கு ஞாயிறுகளில், பால் தெளித்து, காரியம் முடித்து, அதற்கப்புறமும் அண்ணியைத் தேற்றப் போன வகையில், குறைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரு முகமாகிவிட்டன. அசல் நல்லான். வாயைத் திறந்தால் பேசுவார் போலிருந்தது. தெய்வாத்தாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தன் கையால் ஒன்று செய்து, அதில் ஒட்டுவதற்கு ஒரு ஸ்டிக்கர்கூடத் தேவைப்படாமல் போனது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வகுப்பிலேயே விட்டு வர மனம் வரவில்லை. சுருட்டிக் கொண்டுவந்து வேஸ்ட் துணி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். இரண்டாம் நாள் அன்புசெல்வி அந்த மூட்டையை நகர்த்தினாள்.

"அத்தை, இது யாருங்க?"

தெய்வாத்தாள் மூட்டையைப் பழைய இடத்துக்கே தள்ளினாள். "அதா... நல்லான் அண்ணன் கண்ணு. ஞாபகத்துக்கு வெச்சுக்கன்னு அவங்க ஊட்ல குடுத்தாங்க."

"அதைப் போயி மூட்டைக்குப் பின்னால வெச்சு, நீங்க மட்டும் தனியா அழுதுக்கிட்டு இருந்தீங்களா?" என்று அன்புசெல்வி கண் கலங்கினாள்.

அன்று சாயங்காலமே சரவணக்குமார் படத்தைக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்துவிட்டான். ஹால் நடுவில் ஆணி அடித்து மாட்டினான். சந்தனச் சீவல் மாலை. அதன் மேல் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு. நல்லான் மாலைக்குள்ளிருந்து தெய்வாத்தாளையே பார்த்தார். அவள் சமையலறைக்குப் போனாலும் பார்த்தார்.

"எடுத்துருங்க சாமி, எனக்கு மனசு தாங்கல."

"பழகிக்கோணும்மா. போனவங்களை மூட்டைக்குப் பின்னாடி வெக்கக் கூடாது."

வீரன் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது படத்துக்கு முன்னால் நின்று ஒரு கும்பிடு போட ஆரம்பித்தார். நின்று நின்று அவருக்கு உறுத்தல் வந்துவிட்டது.

"ஏம்புள்ள, மச்சான் சாவுக்கு நான் போகவே இல்ல. ஒரு வார்த்தை துக்கம் கேக்காம உட்டா நல்லாருக்குமா? இந்த ஞாயித்துக்கெழம எல்லாரும் குண்டடம் போறோம். சரவணா, ஒரு வேன் சொல்லிரு."

தெய்வாத்தாள் என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தாள். அண்ணி ஊரில் இல்லை என்றாள். "வர்ற வரைக்கும் காத்திருப்போம்" என்றார் வீரன். அண்ணிக்கு ஆட்கள் வந்தால் துக்கம் பொங்கிக்கொண்டு வருகிறது என்றாள். "பொங்கத்தானே வேணும்" என்றார். தனக்கே உடம்பு சரியில்லை என்றாள். "உன்னையப் பின் சீட்டுல படுக்க வெச்சுக் கூட்டிட்டுப் போறோம்" என்று அன்பாகச் சொல்லிவிட்டார்.

ஒரே வழிதான் இருந்தது. நல்லானிடமே உண்மையைச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மட்டும் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விடச் சொல்லிக் காலில் விழுவது. தெய்வாத்தாள் தெருமுனை டெலிபோன் பூத்துக்குப் போய் குண்டடத்துக்குப் போன் போட்டாள். எடுத்தது நல்லானின் மனைவி ஜானகியம்மாள்.

"அண்ணிங்களா? நான் தெய்வாத்தா பேசறனுங்க, திருப்பூர்லிருந்து."

மறுமுனையில் சத்தமே இல்லை.

"அண்ணி, கேக்குதுங்களா? தெய்வாத்தா! அண்ணன் இருக்காருங்களா? அவரை ஒரு தடவ பாக்கோணுமுங்க!"

"ஐயோ!" என்று ஒரு அலறல். ஏதோ பாத்திரம் உருண்டது. அப்புறம் எத்தனை தடவை போட்டாலும் லைன் பிஸியாகவே இருந்தது. கிராமத்து லைன் எப்போதுமே இப்படித்தான் என்று பூத்துக்காரர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வேனும் வந்தது. வீரன் வெள்ளை வேட்டி கட்டித் தயாராக நின்றார். டீசல் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சரவணக்குமார் வேனில் ஏறி பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனான். தெய்வாத்தாள் படத்தைப் பார்த்தாள். இன்றைக்கு மதியம் குண்டடத்தில், உயிரோடு உட்கார்ந்து வெற்றிலை போடுகிற மனுஷனைப் பார்த்துவிட்டு, மூன்று பேரும் தன் பக்கம் திரும்புவார்கள். அப்புறம் வகுப்பும் இல்லை, வண்ணமும் இல்லை. சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வேன் திரும்பி வந்த வேகத்தில் வாசல் தூசி பறந்தது.

"அம்மா! யாரைக் கூட்டிட்டு வந்திருக்கேன் பாரு! டீசல் போட்டுட்டுத் திரும்பறேன், பஸ்ஸுலிருந்து இவரு எறங்கறாரு. அதே மரு, அதே காது! குண்டடமுங்களான்னு கேட்டேன், ஆமாங்கறாரு. நல்லான் மாமனோட தம்பி! அப்படியே உரிச்சு வெச்சிருக்கு!"

வேனிலிருந்து நல்லான் இறங்கினார். கக்கத்தில் குடை. தெய்வாத்தாளைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது. தெய்வாத்தாளின் முகம் அதற்கு முன்பே வெளிறியிருந்தது.

"உள்ள வாங்க மச்சான்" என்று வீரன் அவரை ஹாலுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

நல்லான் சுவரைப் பார்த்தார். மாலைக்குள்ளிருந்து நல்லான் அவரைப் பார்த்தார். மேலே சிவப்பு பல்பு எரிந்தது.

தெய்வாத்தாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

வீரன் துக்கம் கேட்கிற முறைப்படி இரண்டு கையையும் நீட்டினார். நல்லான் சற்று நேரம் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் கைகளை அவற்றின் மேல் வைத்தார்.

"என்ன பண்றது மச்சான், நம்ம கையில என்ன இருக்குது" என்றார் வீரன்.

"ஆமாங்க மாப்பள" என்றார் நல்லான். "ஒண்ணுமே இல்லீங்க."

தெய்வாத்தாளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

"கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாருங்களா?" என்றாள் அன்புசெல்வி தண்ணீர்ச் சொம்போடு.

நல்லான் தெய்வாத்தாளைப் பார்த்தார். "அம்மிணி உங்ககிட்ட என்னன்னு சொல்லுச்சு?"

"தோட்டத்துக்குத் தண்ணி கட்டிட்டு வந்து கட்டல்ல சாஞ்சவருதான்னு சொன்னாங்க."

"அட, நல்ல சாவு" என்றார் நல்லான் மனதார.

"எப்படிப்பட்ட மனுசனுங்க அவரு? கூடப் பொறந்தவரு நீங்கதான் சொல்லோணும்" என்றார் வீரன்.

"நானே சொல்லக் கூடாதுங்க. ஆனா அந்தச் சுத்துவட்டாரத்துல அவரு மாதிரி ஒருத்தரு கெடையாது. ஊட்லதான் அவரு அருமை யாருக்கும் தெரியல." அவர் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. பிறகு படத்துக்குக் கிட்டே போய், மருவைத் தொட்டுப் பார்ப்பதுபோல் விரலை நீட்டினார். "இதை யாரு வரைஞ்சது?"

"உங்க ஊட்ல குடுத்ததுன்னு அத்தை சொன்னாங்களே?" என்றாள் அன்புசெல்வி.

நல்லான் திரும்பினார். கதவு நிலையைப் பிடித்திருந்த தெய்வாத்தாளின் விரல்களில், நகக்கண்ணோரம், எத்தனை துக்கத்துக்குக் குளித்தும் போகாத நீலம் கொஞ்சம் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாமா, மறந்துபோட்டேன். எங்க சொந்தத்துல ஒரு அம்மிணி. இப்பத்தான் கத்துக்குது. கை நல்ல கை."

"உண்மைதானுங்க" என்றார் வீரன். "நான் தெனமும் நின்னு பாத்துட்டுத்தான் வேலைக்குப் போறேன். அந்தக் கண்ணு ரெண்டும் உசுரோட இருக்குதுங்க. வரைஞ்ச கைக்கு ஒரு கும்புடு போடோணும்."

சரவணக்குமாரும் தலையாட்டினான். "இல்லாட்டி பஸ் ஸ்டாண்டுல இவரை எனக்கு எப்படிங்க அடையாளம் தெரியும்?"

தெய்வாத்தாள் சமையலறைக்குள் ஓடி, டீ வைக்கிற சாக்கில் அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள். சிரித்த வாய்கள் இரண்டும், யாரென்று தெரியாமலேயே அவளை வாயாரப் புகழ்ந்துகொண்டிருந்தன.

துக்கம் கேட்டு முடிந்துவிட்டதால் குண்டடம் போக வேண்டிய வேலையும் இல்லாமல் போனது. வேனைத் திருப்பி அனுப்பினார்கள். அண்ணனைப் பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று தெய்வாத்தாள் கூடவே கிளம்பினாள். தெரு திரும்பியதுமே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, என்னைய மன்னிச்சுருங்க. ஊட்ல சொன்னா சிரிக்கறாங்க. படம் வரையப் போறதுக்கு எனக்கு வேற வழி தெரியல. உசுரோட இருக்கற உங்களையப் போயி..."

"அதுக்கென்ன அம்மிணி. என்னைய யாரு இத்தனை அழகா மாட்டி வெச்சாங்க இதுவரைக்கும்?"

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு எப்படிங்கண்ணா காட்டிக்குடுக்காம இருந்தீங்க?"

நல்லான் கக்கத்தில் இருந்த குடையை மற்றக் கைக்கு மாற்றினார். மாற்றும்போது உறை நழுவியது. உள்ளே குடை இல்லை. வரிசையாகத் துளை போட்ட புல்லாங்குழல் இருந்தது.

"இங்க திருப்பூர் ராயபுரத்துல ஒரு வாத்தியாரு" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து போறேன். அறுபது வயசுல ஊத ஆரம்பிச்சா பசங்க சிரிக்க மாட்டாங்களா? உன்ற மவன் தெய்வாத்தா மவன்னு சொன்னதும் எனக்கு வாயே அடைச்சுப்போச்சு. கையப் புடிச்சு வண்டியில ஏத்திப்போட்டான்."

தெய்வாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. நடுத்தெருவில் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நெஞ்சில் இருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. இனி யாரிடமும் பொய் வேண்டாம் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தாள். முதலில் அண்ணி.

"அண்ணா, இப்பவே அந்த பூத்துலிருந்து அண்ணிக்குப் போன் பண்ணி, நடந்ததெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கறேன். அன்னிக்கும் பண்ணேன், லைன் சரியில்ல."

நல்லான் பாய்ந்து அவள் கையைப் பிடித்தார்.

"போனு மட்டும் பண்ணீராத அம்மிணி! அன்னிக்கு நீ பண்ணுன போனுக்கே அவளுக்கு இன்னும் காச்சல் எறங்கல. என்ற ஊட்ல நீ செத்து ஆறு மாசமாச்சு."